வீமனுக்கு வந்த குளிசை

உ
கொக்குவில்
14.07.1991

அன்புள்ள அண்ணைக்கு,

நானும் ஆரணியும் சுகம். நீங்கள் கண்டியில் தனியச் சமைத்து வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கப் பிள்ளையாரைக் கும்பிடுகிறேன். மூன்று மாதம் பிந்தி எழுதுகிறேன். கோபிக்கவேண்டாம். பேனையை எடுத்தால் ஆரணி மடியில் ஏறுவாள், அவள் இறங்கினால் ஹெலிகொப்டர் சுட வரும்.

இந்தக் கடிதம் அரைவாசி அண்ணைக்கு, அரைவாசி உங்களுக்குள் இருக்கிற மிருக வைத்தியருக்கு. எங்கள் நாயைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறேன். ஆரணியின் அப்பா வெளிநாடு போகிறதுக்கு முதல் மாதம் சேர்ட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்த குட்டி. வீமன் என்று பெயரும் வைத்துவிட்டுப் போனார். பெயர் மட்டும்தான் வீமன். குண்டு போடுகிற பொம்மர் வரப்போகிறதென்றால் எங்களுக்குக் கேட்க முதல் அவனுக்குக் கேட்கும். உடம்பு முழுக்க நடுங்கும். வாயால் வீணி வடியும். குசினிக் கதவைப் பிறாண்டிப் பிறாண்டி நகமெல்லாம் இரத்தம். நாங்கள் பதுங்குகிற பங்கர் குழிக்குள் கொண்டுபோனால் ஊளையிடுவான், இருக்கிற ஆட்களுக்கு மேலே பாய்வான்.

பங்கர் எங்களுக்கும் பக்கத்து வளவுத் தங்கமுத்து அக்கா குடும்பத்துக்கும் பொது. றெயில் பாதைச் சிலிப்பர் கட்டை அடுக்கிக் கதிரவேலு அண்ணைதான் கட்டினவர். போன கிழமை வீமன் அவருடைய முழங்கையைக் கடித்துவிட்டான். "பிள்ளை பத்மா, உந்த நாய்க்கு ஒரு வழி பார். இல்லாட்டி சாக்கிலை கட்டிக் கொழும்புத்துறைக் கடற்கரையிலை விட்டிட்டு வருவன்" என்கிறார். அவரில் பிழை சொல்ல ஏலாது. ஆனால் அண்ணை, ஆரணி இவனுடைய முதுகில் கை வைத்தால்தான் நித்திரை கொள்கிறாள். நாய் போனால் பிள்ளையை நான் எப்படித் தேற்றுவேன்? இதற்கு ஏதும் மருந்து இருக்கிறதா?

உங்கள் அன்புத் தங்கை,
பத்மாசினி


கண்டி
09.08.1991

அன்புத் தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சுகம். வயிறும் சுகம். உன் எழுத்தைக் கண்டபிறகுதான் எனக்கு ஒழுங்காகச் சோறு இறங்கியது.

வெடிச் சத்தத்துக்குப் பயந்த நாய்கள் இங்கும் வரும். மருந்து உண்டு. ஆனால் காணாத நாய்க்கு மருந்து கொடுப்பது எனக்கு விருப்பமில்லை. ஆகவே, கேட்பதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் எழுது. நாய் தானாகச் சொல்லாது, வளர்க்கிற ஆள்தான் சொல்லவேண்டும். என்ன நிறை? சாப்பிடுகிறதா? சத்தம் போனபிறகு எவ்வளவு நேரம் நடுங்குகிறது? சத்தம் இல்லாத நேரத்தில் எப்படி? முன்பு வலிப்பு வந்ததா? வீட்டில் ஆர் ஆர் அதனோடு இருக்கிறீர்கள்?

விற்றமின் சிரப், மீனெண்ணெய் என்று ஆரும் சொன்னால் கேட்காதே. மயிர் மினுங்கும், பயம் போகாது. அடிக்கவும் வேண்டாம்.

உன் மனுசன் சீவரத்தினம் கடிதம் போட்டவரா? அதையும் எழுது.

அண்ணை,
நமசிவாயம்


உ
கொக்குவில்
15.09.1991

அன்புள்ள அண்ணைக்கு,

இங்கே இருவரும் சுகம். உங்கள் சுகத்தை அடுத்த கடிதத்தில் இரண்டு வரி கூட்டி எழுதுங்கள். வயிறு மட்டும்தானா மனுசன்?

நீங்கள் கேட்ட ஒழுங்கிலேயே எழுதுகிறேன். நிறை பார்க்க வீமனைக் கூப்பன் அரிசி கொடுக்கிற சங்கக்கடைக்குக் கொண்டுபோனேன். ஆழ்வாப்பிள்ளை மனேச்சர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, "என்ன பிள்ளை, நாய்க்கும் கூப்பன் கார்ட் பதியப்போறியோ?" என்று கேட்டார். அரிசி மூட்டை நிறுக்கிற தராசில் என்னோடு ஏற்றி, பிறகு என்னைத் தனிய ஏற்றிக் கழித்துப் பார்த்தோம். வீமன் பதினாலு கிலோ. ஆரணியும் ஏறவேண்டுமென்று அழுதாள், அவள் பதினொன்று. என்னுடைய நிறையை மனேச்சர் ஊருக்கே கேட்கச் சொன்னதை நான் எழுதமாட்டேன்.

காலையில் சாப்பிடமாட்டான், பின்னேரம் மீன் தலை என்றால் சாப்பிடுவான். பொம்மர் போனபிறகும் இரண்டு மணித்தியாலம் நடுங்குவான். சத்தமில்லாத நாட்களில் வாசல் படலையைப் பார்த்தபடி கிடப்பான். வலிப்பு வந்ததில்லை. வீட்டில் நானும் ஆரணியும்தான். தங்கமுத்து அக்கா வசம்பைச் சுட்டு நாக்கில் தடவச் சொன்னா. தடவினேன். நாக்குத்தான் கறுத்தது.

கதிரவேலு அண்ணை சாக்குத் தைத்துவிட்டார். வேலியில் காயப்போட்டிருக்கிறார், நான் பார்க்கவேண்டுமென்றே.

தங்கை,
பத்மா


கண்டி
06.10.1991

அன்புத் தங்கச்சி,

சுகமாயிருப்பாயென நம்புகிறேன். பென்சன் விசயமாக இங்கே வந்த உங்கள் ஊர் ஏரம்பு மாஸ்டர் நாளை திரும்புகிறார். கொம்படிக் கடனீரேரித் தண்ணீருக்குள்ளால் நடக்கிற மனுசனிடம் பாரம் கொடுக்கக்கூடாது. ஆகவே சிறிய பொதிதான். மஞ்சள் குளிசை முப்பது. வழியில் மருந்துக்குக் கெடுபிடி என்றபடியால் கச்சான் கடலைப் பைக்குள் வைத்திருக்கிறேன்.

வீமனின் நிறைக்கு ஒரு தரத்துக்கு அரைக் குளிசை. சத்தம் தொடங்க ஒரு மணித்தியாலம் முன்பு கொடுக்கவேண்டும். பொம்மர் உனக்கு அறிவித்துவிட்டா வரும் என்று கேட்பாய். கூடுதலாக வருகிற நேரம் ஒன்றிருக்குமே, அதற்கு முன்பு கொடு. மீன் தலைக்குள் வைத்தால் தெரியாது. ஒரு மணித்தியாலத்தில் நாய் அடங்கிவிடும்.

சீவரத்தினத்தைப் பற்றி நீ எழுதவில்லை. மறந்துவிட்டாயாக்கும்.

அன்புடன்,
அண்ணை


உ
கொக்குவில்
02.11.1991

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கைக்குக் கோடி புண்ணியம். நாங்கள் சுகம், வீமன் எங்களைவிடச் சுகம். ஏரம்பு மாஸ்டர் முழங்கால் வீங்கின வீக்கத்தோடு கச்சான் பையைக் கொண்டுவந்து தந்தார்.

காலை ஒன்பது மணிக்கும் பதினொன்றுக்கும் இடையில்தான் பொம்மர்க்காரன் கூடுதலாக வருகிறான். எட்டு மணிக்குக் கொடுக்கிறேன். அண்ணை, அதே நாயா என்று இருக்கிறது. பங்கருக்குள் காலை நீட்டிப் படுத்தபடி கிடக்கிறான். குண்டு விழுந்து மண் கொட்டுகிறது, அவன் அசையவில்லை. கதிரவேலு அண்ணை, "உவன் இப்ப தியானத்திலை இருக்கிறான்" என்று தான் தின்னக் கொண்டுவந்த பாணில் ஒரு துண்டு பிய்த்துப் போட்டார். அவர் தைத்த சாக்கில் இப்போது வெங்காயம் கட்டித் தொங்குகிறது.

இப்போது சத்தம் போடுகிறது ஆரணி மட்டும்தான். முன்பு வீமனைப் பிடித்துக்கொண்டு ஓரளவு இருப்பாள். இப்போது அவன் முகத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, அவன் திரும்பிப் பார்க்கவில்லையென்று இன்னும் கூடக் கத்துகிறாள். மூச்சடைத்து உதடு நீலமாகிறது. என் தோளைக் கடித்த இடம் புண்ணாகிவிட்டது. மூன்றரை வயதுப் பிள்ளை திரும்பவும் படுக்கையை நனைக்கிறாள். தங்கமுத்து அக்கா நேற்று, "நாய்க்குக் குளிசை எடுப்பிச்ச உனக்குப் பெத்த பிள்ளைக்கு ஒண்டு எடுப்பிக்கத் தெரியேல்லையோ? உந்தச் சத்தத்துக்கே பொம்மர் தேடி வரும்" என்றா. பகிடிக்குத்தான் சொன்னா. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

இந்தக் குளிசை மனுசருக்கும் இருக்கிறதா அண்ணை? சும்மா அறியத்தான் கேட்கிறேன். கம்பசில் டிகிரிக்குப் படித்த இரசாயனம் எல்லாம் மறந்துபோச்சு. கெதியாய்ப் பதில் போடுங்கள்.

தங்கை,
பத்மா


கண்டி
24.11.1991

பத்மா,

சுகம் விசாரிப்பதைக் கடைசியில் வைக்கிறேன். முதலில் இதை வாசி.

அந்தக் குளிசையை ஆரணியின் கைக்கு எட்டாத இடத்தில் வை. அதே இனத்து மருந்து மனிதருக்கும் உண்டுதான். ஆனால் பெரிய டொக்டர்மாரே பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பயப்படுவார்கள். நாய்க்கு நிறையை வைத்துக் கணக்குப் பார்க்கிற மாதிரிப் பிள்ளைக்குப் பார்க்க ஏலாது. மூச்சு விழும். நீ சும்மா கேட்டாய் என்று தெரியும். நானும் சும்மா எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

இன்னொன்று. இங்கே பூரணம் டீச்சர் என்றொருவர் பூனை வளர்க்கிறார். வீடு மாறினதிலிருந்து அது வயிற்று மயிரையெல்லாம் நக்கி நக்கி உரித்துவிட்டது, சின்னச் சத்தத்துக்கும் அலுமாரிக்கு மேலே பாய்ந்தது. நான் அதே மருந்தைக் கொடுத்தேன். தீபாவளியன்று அவர் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். வெளியே சீனவெடி. பூனை கதிரையில் துணி மாதிரிக் கிடந்தது. கிட்டப்போய்ப் பார்த்தேன். உடம்பு அசையவில்லை. ஆனால் ஒவ்வொரு வெடிக்கும் காது திரும்பியது, கண் விரிந்தது, நெஞ்சு படபடவென்று அடித்தது. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்த மருந்து பயத்தைக் குறைக்கவில்லையோ, ஓடுகிற காலை மட்டும் கட்டிப்போடுகிறதோ என்று யோசிக்கிறேன். வீமனின் காதையும் கண்ணையும் பார்த்து எழுது.

நீங்கள் இருவரும் சுகந்தானே? சீவரத்தினம்?

அண்ணை


உ
கொக்குவில்
09.12.1991

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் பதில் இன்னும் வரவில்லை. பாதை பூட்டென்று சொல்கிறார்கள். இங்கே சுகம்.

ஆரணிக்கு ஒரு நாள் காய்ச்சல் மாதிரி. நல்லாய் நித்திரை கொண்டாள். இப்போது எழும்பித் திரிகிறாள், கஞ்சி குடிக்கிறாள்.

இனிக் குளிசை அனுப்பவேண்டாம்.

பத்மா


கண்டி
04.01.1992

பத்மா,

என் நவம்பர்க் கடிதம் உனக்குக் கிடைத்திராது என்று நினைக்கிறேன். உன் டிசம்பர்க் கடிதம் கிடைத்தது. உன் எழுத்து வழமையாக வலப்பக்கம் சாயும், இதில் நேராக நிற்கிறது.

உன் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். செப்டெம்பர்க் கடிதத்தில் வீமன் பதினாலு, ஆரணி பதினொன்று என்று அடுத்தடுத்து எழுதியிருக்கிறாய். அன்று அதை வாசித்து நான் சிரித்தேன்.

கேட்பதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் எழுது. எவ்வளவு நேரம் நித்திரை கொண்டாள்? உடம்பு சுட்டதா, குளிர்ந்ததா? எழும்பி நடந்தபோது தள்ளாடினாளா? இப்போது பழையபடி கதைக்கிறாளா?

எனக்குக் கோபம் இல்லை. நாயைப் பற்றி எழுதினாயே, அப்படி எழுது.

அண்ணை


உ
கொக்குவில்
02.02.1992

அண்ணைக்கு,

உங்கள் இரண்டு கடிதமும் ஒரே நாளில், ஏரம்பு மாஸ்டரின் ஒரே கையால் கிடைத்தன. நவம்பரில் எழுதினதை நான் பெப்ரவரியில் வாசிக்கிறேன்.

ஓம் அண்ணை. கொடுத்தேன்.

பதினாலு கிலோவுக்கு அரை என்றால் பதினொன்றுக்கு எவ்வளவு என்று பழைய கொப்பியில் கணக்குப் போட்டேன். பிறகு அதிலும் குறைத்து, கால் குளிசை. குறைத்தபடியால் பிழை வராது என்று நினைத்தேன். படித்தவள்தானே. படிக்காதவள் என்றால் தராசையும் கொப்பியையும் நம்பியிருக்கமாட்டாள், பயந்து விட்டிருப்பாள். டிசம்பர் நாலாம் திகதி காலை எட்டு மணிக்கு, வீமனுக்கு மீன் தலையிலும் அவளுக்குப் பனங்கட்டியிலும் வைத்துக் கொடுத்தேன். "வீமனுக்கும் பனங்கட்டி குடுங்கோ அம்மா" என்றாள்.

பத்து மணிக்குப் பொம்மர்க்காரன் வந்தான். பங்கருக்குள் என் மடியில் சத்தமில்லாமல் கிடந்தாள். தங்கமுத்து அக்கா, "பார், பிள்ளை பழகீட்டுது" என்று கன்னத்தைத் தடவினா. எனக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமா அண்ணை? ஐந்து நிமிசம் நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது அவள் கண் திறந்தபடி. குண்டு விழுகிற பக்கத்துக்குக் கண்மணி மட்டும் போய்ப் போய் வந்தது. கை துணி மாதிரி.

வீட்டுக்குத் தூக்கிவந்தேன். உடம்பு குளிர்ந்தது. எழும்பவில்லை. ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டுமென்று சைக்கிளை எடுத்தேன். என்ன குடுத்தனீர் என்று கேட்டால் என்ன சொல்லுவேன்? சைக்கிளைத் திரும்பச் சாத்திவிட்டு வந்தேன். அதுதான் நான் செய்ததில் கேடு கெட்ட வேலை. தங்கமுத்து அக்காவைக்கூடக் கூப்பிடவில்லை. அவளுடைய மூக்குக்குக் கீழே விரலை வைத்தபடி இருந்தேன். அடுத்த நாள் மத்தியானம் வரையும் அந்த விரலை நான் எடுக்கவில்லை. வீமன் கட்டிலுக்குக் கீழே.

எழும்பித் தண்ணீர் கேட்டாள். தள்ளாடினாள். பிறகு சொன்னாள். "அம்மா, எனக்குக் கேட்டது. எனக்குக் கத்த ஏலாமல் கிடந்தது."

உங்கள் பூனைக் கதையை இன்றைக்குத்தான் வாசித்தேன்.

இப்போது ஓடுகிறாள், சாப்பிடுகிறாள். ஆனால் என் கையால் பனங்கட்டி வாங்கமாட்டாள்.

பத்மா


கண்டி
01.03.1992

அன்புத் தங்கச்சி,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. இரண்டு மாதம் கழிந்தும் நடக்கிறாள், கதைக்கிறாள் என்றால் உடம்புக்குக் கெடுதி மிஞ்சியிருக்காது. என்றாலும் ஒரு பிள்ளை டொக்டரிடம் காட்டு, உள்ளதைச் சொல்லு. ஏசினால் ஏச்சை வாங்கு.

பிழை முழுக்க உன்னுடையதல்ல. முப்பது குளிசையைப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அனுப்பினவன் நான். "அடங்கிவிடும்" என்று எழுதினவனும் நான். பொதிக்குள் ஒரு துண்டுக் கடுதாசியில் எச்சரிக்கை எழுத எனக்குத் தோன்றவில்லை. மாடு, நாய் என்றே யோசித்துப் பழகிய புத்தி.

மருந்து மிச்சமிருந்தால் வீமனுக்கும் கொடுக்காதே. இதைச் செய்து பார். இடுப்பில் உடுக்கிற பழைய சாரத்தை மடித்து அவன் நெஞ்சையும் வயிற்றையும் சுற்றி இறுக்கமாகக் கட்டு, மூச்சு முட்டாமல். காதுக்குள் பஞ்சு. பஞ்சு கிடையாவிட்டால் ஆராவது இரண்டு கையாலும் காதைப் பொத்திப் பிடிக்கவேணும். பங்கரின் மூலையில் ஒரே இடம், ஒரே சாக்கு, வீட்டு மணம் உள்ளது. தனிய விடக்கூடாது. இதனால் பயம் போகாது. ஆனால் பயப்படுகிற நேரம் பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று அதற்குத் தெரியும். பிள்ளைக்கும் எனக்குத் தெரிந்த வைத்தியம் இவ்வளவுதான்.

இந்தமுறை சீவரத்தினத்தைப் பற்றி நான் கேட்கவில்லை.

பாதை திறந்தால் இரண்டு பேரும் இங்கே வாருங்கள். ஓர் அறைதான், ஆனால் ஜன்னலால் மலை தெரியும்.

அண்ணை


உ
கொக்குவில்
12.05.1992

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் சுகமாயிருந்து, வேலைக்கு ஒழுங்காய்ப் போகவேண்டும். பிந்தித்தான் எழுதுகிறேன். என்ன எழுதுகிறதென்று தெரியாமல் கிடந்தேன்.

டொக்டரிடம் காட்டினேன், உள்ளதைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நீங்கள் நாலாவது ஆள்" என்றார். மற்றவர்கள் எந்தக் குளிசை என்று நான் கேட்கவில்லை. மிச்சக் குளிசையைக் கக்கூசுக் குழிக்குள் போட்டேன்.

வீமனுக்கு ஆரணியின் அப்பாவுடைய பச்சைச் சாரத்தைக் கட்டினேன். பெட்டிக்குள் மடித்து வைத்திருந்தது. முதல் கிழமை பழையபடி ஊளைதான். கதிரவேலு அண்ணை வெங்காயச் சாக்கை அவிழ்ப்பார் என்று நினைத்தேன். மனுசன் அதை வெறுமையாக்கிக் கொண்டுவந்து மூலையில் விரித்தார். "கடிக்கிறதெண்டால் மற்றக் கையைக் கடி, இதிலை முந்திக் கடிச்ச தழும்பு கிடக்கு" என்று வீமனுக்குச் சொல்லிக்கொண்டு பக்கத்திலேயே குந்தினார். தங்கமுத்து அக்காவுக்கு நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "நான் பகிடிக்கெல்லோ சொன்னனான் பிள்ளை" என்றா. இப்போது பங்கருக்குள் ஆரும் பகிடி விடுகிறதில்லை.

பஞ்சு கிடைக்கவில்லை. ஆகவே ஆரணிதான் வீமனின் காதைப் பொத்துகிறாள். சின்னக் கை இரண்டும் காணாது, முழங்கையாலும் சேர்த்து அமத்துகிறாள். அழுகிறாள்தான். அழுதழுது அவனுக்குச் சொல்லுவாள், "பயப்பிடாதை, நான் இருக்கிறன், நான் இருக்கிறன்." அவன் நடுங்குவான், ஆனால் முகத்தைத் திருப்பி அவளைப் பார்ப்பான். போன சனிக்கிழமை என் கையால் ஒரு துண்டுப் பனங்கட்டி வாங்கினாள். நக்கிப் பார்த்தாள். பிறகு சாப்பிட்டாள்.

நீங்கள் கேட்காமல் விட்டதுக்குப் பதில் எழுதுகிறேன். அவருடைய கடைசிக் கடிதம் மொஸ்கோவிலிருந்து, தொண்ணூறாம் ஆண்டு வைகாசியில் போட்டது. இன்னும் பத்து நாளில் ஜேர்மனி என்று எழுதியிருந்தார். பிறகு ஒன்றும் இல்லை. இரண்டு வருசமாச்சு. எழுதினால் உண்மையாகிவிடும் என்று பயந்து எழுதாமல் இருந்தேன். இனி நீங்கள் கேட்கலாம்.

கண்டிக்கு இப்போது வர ஏலாது அண்ணை. வீமனைக் கொம்படிக்குள்ளால் கொண்டுவர விடமாட்டார்கள், அவனில்லாமல் ஆரணி வரமாட்டாள். அவர் வந்தாலும் இந்தப் படலைக்குத்தானே வருவார்.

ஆரணியின் கை வீமனின் காதில். என் கை இரண்டும் ஆரணியின் காதில். என் காதைப் பொத்த ஆளில்லை. எல்லாம் கேட்கிறது. பொம்மர்க்காரன் எந்தப் பக்கம் தாழப் பதிகிறான், எது கிட்ட, எது தூர, எந்தச் சத்தத்தோடு திரும்பிப் போகிறான் என்று எனக்கு இப்போது நல்ல பழக்கம். சத்தம் நின்றபிறகும் கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் இருப்பேன். ஆரணி என்னை நிமிர்ந்து பார்ப்பாள். வாய் அசையும். "அம்மா, முடிஞ்சுதோ?"

நான் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்லுவேன்.

உங்கள் அன்புத் தங்கை,
பத்மாசினி